மனந்திரும்பி விசுவாசிக்க வேண்டும், சரி, எங்கே தொடங்குவது? யாங்கோன் சபைகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

யாங்கோனில் தமிழ் ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்களை "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது, பக்கத்து வீட்டு அக்கா ஜெபித்தார்கள், குணமானது. மலேசியா போக வேண்டும், காகிதம் நகரவில்லை. குடியை விட முடியவில்லை. சிநேகிதன் கூப்பிட்டான், பாட்டு நன்றாக இருந்தது. எந்த வழியாக வந்தாலும் வந்தது நல்லதுதான், யாரும் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. ஆனால் வந்த பிறகு என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு. கையை உயர்த்தச் சொல்கிறார்கள், ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள், கைதட்டுகிறார்கள். மறுநாள் கடையைத் திறக்கும்போது எது மாற வேண்டும் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது சொன்னதாக மாற்கு எழுதி வைத்திருப்பது மிகச் சின்ன செய்தி: காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று, மனந்திரும்பி நற்செய்தியை விசுவாசியுங்கள் (மாற்கு 1:15). இரண்டு வேலை, இரண்டும் சேர்ந்தே வருகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் நிற்காது. இதை விட்டுவிட்டு நேரே ஆசீர்வாதத்துக்குத் தாவுகிற போதனைதான் நம் ஜனங்களை அதிகமாக ஏமாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், அவசரப்படாதீர்கள்

லூக்கா 14 ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்கிறார். கூட்டம் கூட்டமாகப் பின்னால் வந்தவர்களைப் பார்த்து அவர் சொன்னது அது. ஆள் சேர்ந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரியைக் கல்கத்தாவில் இருக்க விடவில்லை. அவர் மொரிஷியஸ் போய், அங்கிருந்து மெட்ராஸ் வந்து, மெட்ராஸில் ஜார்ஜியானா என்ற கப்பல் ஏறி 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில் இறங்கினார். பின்னாளில் நம் தாத்தாமார்கள் கடந்து வந்த அதே கடல். இறங்கியவர் மொழி படித்தார், எழுதினார், பேசினார், வழிப்போக்கர்கள் வந்து உட்காருவதற்கு ரோட்டோரம் ஒரு சயாட், அதாவது ஒரு சத்திரம் கட்டினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூன் 27 இல்தான், ஏறக்குறைய 6 வருஷம் கழித்து. மவுங் நோ என்ற அந்த மனிதர் அதே வருஷம் மே மாதத் தொடக்கத்தில் வந்து பேச ஆரம்பித்தவர். 6 வருஷம் காத்திருந்த ஜட்சன்கூட, ஒருவர் வந்த உடனே அவரை ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு ஓடவில்லை. பல வாரம் உட்கார்ந்து பேசினார், கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டார். ஆகவே வந்த வாரமே ஞானஸ்நானம் எடு, இல்லையென்றால் கதவு மூடிவிடும் என்று உங்களை யாராவது நெருக்கினால், கொஞ்சம் நேரம் வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கடவுள் ஓடிப் போய்விட மாட்டார்.

மனந்திரும்புதல்: ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள்

அழுகை வந்தால் மனந்திரும்பியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அழுகை நல்லதுதான், ஆனால் அது போதாது. யூதாசும் மனம் நொந்தான், வெள்ளிக்காசைத் திருப்பி எறிந்தான், பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஒருவன் நம்பிக்கையற்றுத் தனியாகப் போய் நாண்டுகொண்டான், மற்றவன் சீஷர்களோடேயே இருந்து, உயிர்த்த ஆண்டவருக்கு முன்னால் கரையில் நின்று பதில் சொன்னான். துக்கப்பட்டோம் என்பதைவிட, துக்கப்பட்ட பிறகு யாரிடம் போனோம் என்பதுதான் விஷயம்.

யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்களை லூக்கா 3 ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்று கொடு. வரி வசூலிக்கிறவனா, விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, மிரட்டிப் பணம் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு. எல்லாமே கையும் காசும் சம்பந்தப்பட்ட பதில், ஒவ்வொரு ஆளுக்கும் அவனவன் தொழிலுக்கு ஏற்ற பதில்.

அதனால் நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். "ஆண்டவரே, நான் பாவி" என்று பொதுவாக எழுதாதீர்கள், அப்படி எழுதுவது யாருக்கும் கஷ்டமில்லை. பெயரும் விஷயமுமாக எழுதுங்கள். சீட்டுப் பணத்தில் மறைத்தது. எடைக்கல்லில், தராசில் செய்த வேலை. கஷ்டத்தில் வந்தவனிடம் கண்மூடித்தனமாக வாங்கிய வட்டி. வீட்டு வேலைக்கு வந்த பிள்ளையிடம் பேசிய பேச்சு. மனைவியின் நகையை அடகு வைத்து டூ-டி, த்ரீ-டி என்ற நம்பர் சூதாட்டத்தில் போட்ட பணம். நம் தெருக்களில் எத்தனை வீடு இந்த நம்பரால் காலியாகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதைப் பாவம் என்று சொல்லச் சபையில்கூடப் பலர் தயங்குகிறார்கள், நான் தயங்க மாட்டேன். அண்ணன் தம்பியோடு வருஷக்கணக்காகப் பேசாமல் இருப்பதையும் எழுதுங்கள். ஒரே நாளில் எழுதி முடிக்க வேண்டாம், ஒரு வாரம் கூடவே வைத்திருங்கள். எழுதுவது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான், பூட்டி வையுங்கள்.

அப்புறம் எழுதியதை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கடவுளிடம் சொல்லுங்கள். சங்கீதம் 51 ஐ வாசித்துவிட்டு ஆரம்பித்தால் வார்த்தை வரும். நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. இதை நீங்கள் உணர்ச்சியை வைத்து அளக்க வேண்டாம், அவர் சொன்ன வார்த்தையை வைத்து நம்புங்கள்.

அதற்குப் பிறகு மனிதர்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். காணிக்கையைப் பலிபீடத்தில் வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5:23-24). போகும்போது நேரில் போங்கள், போன் வேண்டாம், நடுவில் ஆள் வேண்டாம். செய்ததை ஒரே வரியில் சொல்லுங்கள்: "அண்ணே, அந்தச் சரக்குக் கணக்கில் நான் உங்களை ஏமாற்றினேன், மன்னிக்க வேண்டும், பணத்தைக் கொண்டு வந்திருக்கிறேன்." அவ்வளவுதான். "ஆனால் நீங்களும் அன்றைக்கு..." என்று ஆரம்பித்தால் போன காரியம் கெட்டது. மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதம் எவ்வளவு என்று சொல்லி, சொன்னபடி கொடுங்கள். அவர் மன்னிக்காமல் கதவைச் சாத்தலாம், திட்டலாம். அது அவர் உரிமை. நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பர்மாத் தமிழர்களாகிய நமக்கு மட்டும் வருகிற ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1962 இல் ராணுவ ஆட்சி வந்து, 1964 இல் கடைகள் தேசியமயமாகி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபோது நம்மவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கையில் கொண்டுபோக அனுமதித்தது மிகக் கொஞ்சம். அப்போது அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவர்களிடம் பாத்திரம், நகை, நிலத்துப் பத்திரம் என்று கொடுத்துவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள், திரும்பி வரவே இல்லை. அந்தப் பொருள் தாத்தா காலத்தில் நம் வீட்டோடு கலந்திருந்தால் என்ன செய்வது? லேவியராகமம் 6 ஆம் அதிகாரத்தில் இதே விஷயம் இருக்கிறது: ஒருவன் நம்பி ஒப்படைத்த பொருளை மறுத்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணாகமம் 5 ஆம் அதிகாரம், வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரட்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் நாம் இல்லை என்றாலும் வழி தெளிவாகத் தெரிகிறது. தேடுங்கள். சென்னையிலோ திருச்சியிலோ சிவகங்கைப் பக்கமோ பேரன் பேத்திகள் இருப்பார்கள், இன்று முகநூலில் ஊர்ப்பெயரையும் பழைய தெருப்பெயரையும் போட்டுக் கேட்டாலே யாராவது பதில் சொல்கிறார்கள். கிடைத்தால் சொல்லுங்கள், பேசி முடிவு செய்யுங்கள். உண்மையாகத் தேடியும் கிடைக்கவில்லையா, அந்த மதிப்புக்கு ஈடாக ஏழைகளுக்குக் கொடுங்கள். பாட்டன் செய்ததற்கு நான் குற்றவாளியா என்று கேட்பீர்கள். அவர் செய்ததற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. தெரிந்த பிறகும் வைத்திருப்பது மட்டும் உங்களுடையது.

இரண்டு எச்சரிக்கை. நீங்கள் சொல்லப்போகிற உண்மை மூன்றாவது ஆளின் வாழ்க்கையை உடைக்கும் என்றால், உதாரணமாகத் திருமணத்துக்கு வெளியே நடந்த விஷயம் என்றால், தனியாக முடிவெடுக்காமல் முதலில் வாய் காக்கிற ஒரு மூத்த விசுவாசியிடம் பேசுங்கள். இன்னொன்று, அடி வாங்கிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் "நீ மனந்திரும்பி அவனோடு ஒப்புரவாகு" என்று சொல்வது வேதம் இல்லை. அடித்தவன்தான் மனந்திரும்ப வேண்டும். அவள் செய்ய வேண்டியது பத்திரமான இடத்துக்குப் போவது.

விசுவாசம்: பேரம் இல்லை

மேலே சொன்னதை எல்லாம் வாசித்துவிட்டு, சரி, இவ்வளவையும் செய்து முடித்தால்தான் கடவுள் என்னை ஏற்றுக்கொள்வார் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வரி வசூலிக்கிறவனாக இருந்த சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது எப்போது? இயேசு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று சொல்லி, ஊரே முணுமுணுக்க அவன் வீட்டுக்குள் போன பிறகு. கிருபை முதலில் வந்தது, கணக்குத் தீர்ப்பது பின்னால் வந்தது. இந்த வரிசையை மாற்றினால் மனந்திரும்புதல் பெரிய பாரமாகிவிடும்.

நாம் வளர்ந்த பழக்கம் இதற்கு நேர் எதிர். இது நடந்தால் அது செய்கிறேன் என்று வேண்டிக்கொள்வோம், நடந்ததும் நேர்த்திக்கடனைத் தீர்ப்போம். அப்படித் தீயில் இறங்குகிறவர்களின் உண்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே சபைக்குள் கொண்டுவந்து, "இயேசப்பா, வேலை கிடைத்தால் ஞானஸ்நானம் எடுக்கிறேன்" என்று ஜெபித்தால் அது விசுவாசம் இல்லை. நாம் கேட்பதற்கு முன்பே அவர் செய்துவிட்டார் என்பதுதான் நற்செய்தி. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தார் (1 கொரிந்தியர் 15:3-4). அதை எனக்காக என்று சொல்லி அவர்மேல் சாய்வதுதான் விசுவாசம். கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் வந்ததல்ல என்று எபேசியர் 2 சொல்கிறது, அடுத்த மூச்சிலேயே நற்கிரியைகளுக்காக உண்டாக்கப்பட்டோம் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

எனக்கு விசுவாசம் போதவில்லையே, பாதி நம்புகிறேன், பாதி சந்தேகம் என்றால்? மாற்கு 9 இல் ஒரு தகப்பன் இருக்கிறார், பிள்ளைக்கு வலிப்பு மாதிரி ஒரு கொடுமை, சீஷர்களால் முடியவில்லை. அவர் அழுதுகொண்டே சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். அந்த ஜெபத்தை நீங்களும் அப்படியே கடன் வாங்கிக்கொள்ளலாம்.

விசுவாசம் கேள்வியினால் வரும் என்பது ரோமர் 10:17. ஆகவே கேட்க வேண்டும், வாசிக்க வேண்டும். மாற்கு சுவிசேஷத்திலிருந்து ஆரம்பியுங்கள், 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் இயேசு இங்கே என்ன செய்கிறார், யார் அவரை நம்பினார்கள், எனக்கு என்ன சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, பள்ளிக்கூடம் எல்லாம் பர்மிய மொழியில்தானே. வெட்கப்பட ஒன்றுமில்லை. பர்மிய வேதாகமத்தை வாசியுங்கள். ஜட்சனுடைய மொழிபெயர்ப்பு பழைய நடை, கடினமாக இருந்தால் புதிய நடையில் வந்தவை கிடைக்கின்றன. தமிழ் வேதாகமம் ஒலிவடிவில் போனில் கிடைக்கிறது, கரண்ட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் இருட்டில் கேட்கலாம். வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பாட்டி இருந்தால் அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பாட்டி கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் சரி. பேரப்பிள்ளைக்காக வாசிக்கிற பாட்டி தானும் கேட்கிறார் அல்லவா.

ஜெபத்துக்குப் பெரிய வார்த்தை தேவையில்லை. இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவராகிய இயேசுவே, நான் இன்னின்ன தப்புச் செய்தேன். எனக்காக மரித்தீர், உயிர்த்தீர் என்று நம்புகிறேன். என்னை மன்னியும். இனி நான் உம்முடையவன், என்னை நடத்தும்." உங்கள் வீட்டு மொழியில் சொல்லுங்கள். பாதி தமிழும் பாதி பர்மியமுமாக வந்தாலும் அவருக்குப் புரியும்.

வீட்டில் சொல்வது

ஞானஸ்நானத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து அம்மா அதைக் கேட்கக் கூடாது. வேலை முடிந்து எல்லோரும் சாந்தமாக இருக்கும் நேரம் பாருங்கள். "அம்மா, நான் இயேசுவை நம்புகிறேன். உங்கள் பிள்ளை என்பது மாறாது, உங்களைக் கவனிப்பதும் மாறாது" என்று சொல்லுங்கள். அவர்கள் அழுதால் பதிலுக்கு வசனம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

பூஜை அறையில் இருக்கிற படத்தை நீங்கள் எடுக்கக் கூடாது. அது அம்மாவின் வீடு, அம்மாவின் படம். கும்பிட மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம், அவமதிக்க உங்களுக்கு அனுமதி கிடையாது. படைத்த சாப்பாட்டைச் சாப்பிடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். பவுல் இதற்கு 1 கொரிந்தியரில் 8 ஆம் அதிகாரத்திலிருந்து 10 ஆம் அதிகாரம் வரை எழுதியிருக்கிறார், சபைகள் அதைப் பலவிதமாக எடுத்துக்கொள்கின்றன, வாசித்துவிட்டு உங்கள் போதகரிடம் பேசுங்கள். சாவு வீட்டுக்குப் போங்கள், பாடை தூக்குங்கள், சடங்கில் கலந்துகொள்ளாவிட்டாலும் தண்ணீர் கொடுக்கிற வேலை, நாற்காலி எடுக்கிற வேலை எல்லாம் நீங்கள் செய்யுங்கள். 2 இராஜாக்கள் 5 இல் சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கிய பிறகு தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாராக. எலிசா அவனை அதட்டவில்லை, "சமாதானத்தோடே போ" என்றார். புதியவர்களைக் கையாளுகிற மூத்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும்.

ஞானஸ்நானமும் சபையும்

முறை சபைக்குச் சபை மாறும். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் தண்ணீரில் முழுக்கு. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் பெரும்பாலும் தெளிப்பு. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கு நீண்ட ஆயத்தம் உண்டு, வழக்கமாக ஈஸ்டர் முந்தின இரவுத் திருவிழிப்பில் கொடுப்பார்கள். எங்கே எடுத்தாலும் வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

சட்ட விஷயமும் ஒன்று இருக்கிறது, சபையில் பலர் இதைச் சொல்வதில்லை. 2015 ஆகஸ்டில் மதமாற்றச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி மதம் மாறுகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், டவுன்ஷிப் அளவில் உள்ள குழுவிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அவர்கள் நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள், படித்து யோசிக்க அவகாசம் கொடுத்துப் பிறகுதான் சான்றிதழ். யாரையும் கட்டாயப்படுத்தி மாற்றுவதும் அதில் குற்றம். நம் அடையாள அட்டையில் இனத்தோடு மதமும் எழுதியிருக்கிறது என்பதால் இது கல்யாணம், காகித வேலை என்று எங்கெங்கோ வந்து முட்டும். நடைமுறை தெரிந்த போதகரிடமோ வக்கீலிடமோ முன்கூட்டியே கேளுங்கள். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சபையை எப்படித் தேர்ந்தெடுப்பது? அப்போஸ்தலர் 2:42 இல் ஆதிச் சபை உறுதியாய்ச் செய்த நான்கு விஷயம் இருக்கிறது: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இவை நடக்கிறதா பாருங்கள். காணிக்கைக் கணக்கை வாசித்துக் காட்டுகிறார்களா, கேள்வி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்கிறார்களா, ஏழையும் பணக்காரரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்களா, சாதி பேச்சு வருகிறதா என்றும் பாருங்கள். தனியாக ஜெபிக்கப் பணம் கேட்கிற இடத்துக்குப் போகாதீர்கள். "இந்த விதையை விதைத்தால் சிங்கப்பூர் விசா அறுவடையாகும்" என்று சொல்லி, கையில் மிச்சமிருக்கிற கடைசி நோட்டையும் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், கஷ்டக் காலத்தில் அவர்களுக்குக் கூட்டமும் அதிகம். பேதுரு கையில் வெள்ளியும் பொன்னும் இல்லாமலேயே முடவனை எழுப்பினான்.

தமிழ் ஆராதனைகளில் கூட்டம் குறைந்துகொண்டுதான் வருகிறது, இளைஞர்கள் பர்மிய ஆராதனைக்குப் போகிறார்கள். புரிகிற மொழியில் பிரசங்கம் கேட்பது அவசியம், போகட்டும். ஆனால் முடிந்தபோது தமிழ் ஆராதனையிலும் வந்து உட்காருங்கள். நம் பெரியவர்கள் ஞானப்பாட்டைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அன்றாடம்

தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு என்று லூக்கா 9:23 இல் இருக்கிறது. காலையில் ஒரு அதிகாரம், ஜெபம், வாரத்தில் ஒருநாள் நம்பிக்கையான இரண்டு மூன்று பேரோடு கூடிப் பேசுவது, இவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு. மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். விழுந்துவிட்டால், மறுபடி நம்பர் எழுதிவிட்டால், மறுபடி குடித்துவிட்டால், வெட்கத்தில் சபைக்கு வராமல் நின்றுவிடாதீர்கள். விழுந்த வாரம்தான் வர வேண்டிய வாரம். 1517 இல் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் எழுதிய 95 வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசிகளின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று இயேசு விரும்பினார் என்பதுதான்.

ஆசீர்வாதம் என்ன?

கடைசியில் வைத்தேன் என்பதால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். முதல் ஆசீர்வாதம் மன்னிப்பு. திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும், எதிரில் வருகிறவரைக் கண்டு வேறு சந்தில் திரும்ப வேண்டியதில்லை. இரண்டாவது குடும்பம். வீட்டையும் சகோதரரையும் எனக்காக விட்டவன் இம்மையிலேயே நூறு மடங்கு வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் பெறுவான் என்று இயேசு சொன்னார் (மாற்கு 10:29-30), அதே வாக்கியத்தில் "துன்பங்களோடேகூட" என்றும் சேர்த்தார். செழிப்புப் பிரசங்கிகள் அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் நூறு மடங்கு என்பதும் உண்மை. ஆஸ்பத்திரியில் படுத்தால் முறை போட்டு இரவு விழித்திருக்க வருகிறார்கள், அரிசி இல்லாத வீட்டுக்கு யார் கொடுத்தது என்று தெரியாமல் அரிசி வருகிறது. இந்த நாட்டில் இந்த வருஷங்களில் அது என்ன விலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஜட்சனுக்கு என்ன கிடைத்தது? 1824 இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் வந்ததும் ராஜாவின் தலைநகரமான ஆவாவில் சிறைப்பட்டார், கால்விலங்கு. மனைவி ஆன் கைக்குழந்தையோடு அலைந்து சோறு கொண்டுவந்தார். ஜட்சன் விடுதலையான பிறகு 1826 இல் ஆன் இறந்தார், சில மாதத்தில் குழந்தையும். ஜட்சன் வெகுகாலம் துக்கத்தில் மூழ்கிக் கிடந்தார். கடவுள் கைவிட்டார் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்த அந்த மனிதர் 1834 இல் பர்மிய வேதாகமத்தை முழுவதும் மொழிபெயர்த்து முடித்தார், 1840 இல் திருத்திய பதிப்பு வந்தது, இன்றும் சபைகளில் வாசிக்கிறார்கள். சீஷனுக்குக் கிடைக்கிற ஆசீர்வாதம் கஷ்டமில்லாத வாழ்க்கை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் இந்தக் கதையைக் கேளுங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கலாத்தியர் 5 இல் ஆவியின் கனி என்று அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று 9 குணங்கள் வருகின்றன. அவை உங்களுக்குள் வளர்கிறதா என்று உங்களையே கேட்காதீர்கள், நமக்கு நாமே நல்ல மதிப்பெண் போட்டுக்கொள்வோம். ஒரு வருஷம் கழித்து உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள்.

ஞானஸ்நான வகுப்புக்கு முதல்நாள் வரும்போது வேதாகமம், எந்த மொழியாக இருந்தாலும் சரி, அப்புறம் மாற்கு வாசிக்கும்போது வந்த கேள்விகளை எழுதிய ஒரு தாள், இரண்டையும் கொண்டு வாருங்கள். அந்த நோட்டைக் கொண்டுவர வேண்டாம், அதை யாரும் கேட்கவும் கூடாது. யாரிடமாவது போய்ப் பேச வேண்டியிருந்து பயமாக இருந்தால் மட்டும் போதகரிடமோ ஒரு மூத்த அக்கா அண்ணனிடமோ சொல்லுங்கள், தெருமுனை வரைக்கும் கூட வந்து நிற்பார்கள், பேசுவது நீங்கள்தான்.